பாண்டிகசாலைச் சந்தில் தானே எரியும் விளக்கு

"மனிதகுலத்தின் வரலாறு என்பது, இருளுக்கு எதிராக மனிதன் இடைவிடாது நடத்திவரும் மகத்தான போரின் வரலாறு."

பாண்டிகசாலைச் சந்து குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் அதன் தலைவர் வைத்தீஸ்வரன் இப்படித்தான் தொடங்கினார். அவர் சொன்ன இருள், மட்டாஞ்சேரியின் பழைய மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் அந்தச் சந்து வளைகிற இடத்தில், ஆடுகிற ஒரு சாக்கடை மூடியின் மேல், ஏறக்குறைய ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் பரவிக் கிடந்தது.

போரில் வைத்தீஸ்வரன் ஜெயித்தார். பொன்னாடையும் போர்த்திக்கொண்டார். ஜெயித்துச் சில மாதங்கள் ஆனபின்புதான், தாம் தோற்றுப்போயிருந்தது அவருக்குத் தெரியவந்தது. அதுவரை தெரியாமல் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் தாலி கட்டிய கமலாக்ஷி. மற்றவர், பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் தோளில் கை போட்டுத் திரிந்த ரஷீது.

விளக்கு ஏற்கெனவே இருந்தது. சங்கம் வாங்கிய எல்.ஈ.டி. விளக்கு, வைத்தீஸ்வரனின் மதிலையொட்டிய கம்பத்தில், அவர் வீட்டுக் கரண்டில், தெருப்பக்கத்து ஒரு சுவிட்சில் எரிவது. அதைப் போடுவது யார், அணைப்பது யார் என்பதில்தான் தகராறு. போட்டவர் அணைக்க மறந்தார். அணைத்தவர் போட மறந்தார். பட்டப்பகலில் எரிகிற விளக்கைப் படம் பிடித்துக் குழுவில் போடுவதை மட்டும் யாரும் மறக்கவில்லை. ஆகவே, இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் தானே அணைகிற ஏற்பாடு ஒன்றைச் செய்வதென்று தீர்மானமாயிற்று. அதற்கு வேண்டியது ஒரு ஒளி உணரி, அதாவது சென்சார். எந்த சென்சார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, வேறு யாரும் கேட்பதற்குள், வைத்தீஸ்வரன் ஏற்றுக்கொண்டார்.

தகுதி இருந்தது. ஏற்றுமதிக் கம்பெனியில் கப்பல் காகிதங்கள் எழுதி ஓய்வுபெற்றவர்தான் என்றாலும், இளவயதில் தபால்வழியில் ரேடியோ படித்தவர். படித்த கையோடு ஒரு ரேடியோவைத் திறந்தும் இருக்கிறார். அதைத் திரும்ப மூடியவர் ரஷீது.

கூட்டம் வைத்தீஸ்வரனின் முன்னறையில் கூடியது. பஜாரில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வைத்திருக்கும் ரஷீது, சிகரெட் அட்டைப் பெட்டி ஒன்றிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று எல்.டி.ஆர்.; கடலைப் பருப்பு அளவில், முகத்தில் புழு நெளிந்தாற்போல ஒரு கோடு போட்டது. வெளிச்சம் பட்டால் கரண்டைத் தாராளமாக விடும், இருட்டினால் பிடித்துக்கொள்ளும். மற்றது போட்டோ டிரான்சிஸ்டர். பார்வைக்குச் சின்ன பல்பு போலவே இருக்கும். மூன்றாவதாக ஒரு டிஜிட்டல் மாட்யூலை சங்கர்ராம் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எதிர்வீட்டு இளைஞன் அவன். வெளிச்சத்தை எண்ணாக அளந்து போனுக்கே அனுப்பிவிடுமாம் அது.

"மாமா, லக்ஸ் எவ்வளவுன்னு நம்பர் வரணும். டேட்டா இல்லாம டிசிஷன் எடுக்கப்படாது," என்றான் சங்கர்ராம். "ஆப்ல கிராஃபே வரும்."

காப்பித் தட்டோடு வந்த கமலாக்ஷி வாசற்படியில் நின்றாள். "இருட்டிடுத்துங்கறதைக் கிராஃப் பாத்தாக்கும் தெரிஞ்சுக்கணுமோ? ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா போராதோ?"

"நீ காப்பியை வெச்சுட்டுப் போ," என்றார் வைத்தீஸ்வரன்.

ரஷீது தொண்டையைச் செருமினார். "எடா வைத்தி, நான் ஒண்ணு சொல்லட்டே? எல்.ஈ.டி. லைட்டுப் பக்கத்துல வெக்கிறதுன்னா இந்த போட்டோ டிரான்சிஸ்டர் மதி, அதே போதும். அது வெயிலைத்தான் நோக்கும், எல்.ஈ.டி. வெளிச்சத்தை அத்ர கண்டுக்காது. எல்.டி.ஆர். அப்படியில்ல, நம்ம கண்ணு மாதிரி. எல்லாத்தையும் நோக்கும்."

சொன்னது நியாயந்தான். ஆனால் ரஷீதின் கடையில் போட்டோ டிரான்சிஸ்டர் ஒரு பிஸ்கட் டின் நிறைய விற்காமல் கிடப்பது சந்துக்கே தெரியும். அவருடைய யோசனைகளில் அவருடைய அலமாரிக்கும் ஒரு பங்கு எப்போதும் உண்டு.

"எல்.டி.ஆர்.ங்கறது பொறுமைசாலி," என்று எழுந்து நின்றார் வைத்தீஸ்வரன். "மின்னல் வெட்டித்துன்னு பதறாது. ஆட்டோக்காரன் லைட் அடிச்சான்னு துள்ளாது. நின்னு நிதானமா யோசிச்சு முடிவெடுக்கும்."

"ஆரைப் போலே?"

"ஏன், என்னைப் போலன்னு வெச்சுக்கோயேன்."

அடுத்த கேள்வி, எவ்வளவு இருட்டினால் விளக்கு எரிய வேண்டும் என்பது. சங்கர்ராம் ஒரு எண்ணைச் சொன்னான். ரஷீது, "சாயங்காலத் தொழுகைக்கு மஃரிப் பாங்கு கேட்டா எரியணும், அத்ரதான்," என்றார். கமலாக்ஷி அடுக்களையிலிருந்தே, "நான் ஸ்வாமி விளக்கு ஏத்தற நேரம்," என்றாள். இரண்டும் ஒரே நேரந்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. விஞ்ஞானத்தில் பக்தியைக் கலக்க வேண்டாம் என்று வைத்தீஸ்வரன் இருவரையும் ஒரேயடியாக அடக்கினார்.

கை தூக்கச் சொன்னபோது எல்.டி.ஆருக்கே அதிகக் கைகள் எழுந்தன, காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ரஷீதின் கை மட்டும் போட்டோ டிரான்சிஸ்டருக்கு உயர்ந்தது. அந்தக் கையை வைத்தீஸ்வரன் வெகுநேரம் பார்த்தார். ரேடியோவை மூடிக் கொடுத்த கை. வேண்டியவன் என்றால் இந்த இடத்தில் என்னை விட்டுக்கொடுப்பானா? அன்று கூட்டம் கலைந்தபின் ரஷீது, "வா, சாயா குடிக்கலாம்," என்று கூப்பிட்டதற்கு அவர் போகவில்லை. கமலாக்ஷியிடம், "நீயாவது எனக்குக் கை தூக்கியிருக்கலாம்," என்றார்.

"ரெண்டு கையிலேயும் தட்டு இருந்தது."

சங்கத்தின் பெருமைக்கு ஒரு பித்தளைப் பலகை செய்யச் சொன்னார். "தானியங்கி ஒளி விளக்கு. உணரித் தேர்வும் தொழில்நுட்ப வழிகாட்டுதலும்: எஸ். வைத்தீஸ்வரன்" என்று அதில் வெட்டியிருந்தது. கவுன்சிலரின் பெயர் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில். இருட்டிலும் படிக்க வேண்டுமல்லவா? அதற்காகப் பலகையை விளக்கு நேராக விழும் இடத்தில் மதிலில் பதிக்கச் செய்தார். உணரியின் பெட்டி அதற்கு எதிரே, கம்பத்தில். புளி போட்டு அவரே தேய்த்தார். பலகை தங்கம்போலப் பளபளத்தது.

சாப்பாட்டு மேசையில் டார்ச் அடித்துப் பார்த்ததில் உணரி மிகச் சரியாக வேலை செய்தது. டார்ச்சை அணைத்தால் எரிந்தது, அடித்தால் அணைந்தது. திறப்புவிழாவுக்கு முந்தின மாலை, ரஷீது பெட்டியைக் கம்பத்தில் ஏற்றும் நேரத்தில், வைத்தீஸ்வரன் கவுன்சிலரை நேரில் அழைக்க எர்ணாகுளம் போயிருந்தார். திரும்பி வந்தபோது ரஷீதும் கமலாக்ஷியும் பின்கட்டில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சது, எரிஞ்சது," என்றார் ரஷீது. "நல்லோணம் எரிஞ்சது."

மறுநாள் மாலை கவுன்சிலர் கம்பத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை இறங்குவதற்குள் விளக்கு எரிந்தது! சந்தே கைதட்டியது. கமலாக்ஷியை மட்டும் கூட்டத்தில் காணவில்லை. பால் பொங்கிவிடும் என்று உள்ளே போயிருந்தாள். பொன்னாடை போர்த்தப்பட்ட வைத்தீஸ்வரன், எல்.டி.ஆரைத் தாம் தேர்ந்தெடுத்த வரலாற்றைப் பாங்கு தொடங்கி முடியும் வரைக்கும், முடிந்த பின்னும், சொன்னார். சங்கர்ராம் முன்வரிசையில் நின்று கைதட்டினான். தோற்றவன் இவ்வளவு மனதாரத் தட்டுவானா என்று வைத்தீஸ்வரனுக்கே வியப்பு. பையன் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அவர் கேட்டருகே நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. விளக்கு எரிந்ததும் உள்நோக்கிக் குரல் கொடுப்பார்.

"கமலம், எரிஞ்சுடுத்து பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்," என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

பார்ப்பதோடு விட்டாரா? ஆராய்ந்தார். மேகம் கவிந்த நாளில் விளக்கு சீக்கிரமே எரிந்தது. உணரியின் நுட்பம் என்று குழுவில் எழுதினார். மழைநாளில் ஒருமுறை தாமதமாக எரிந்தது. ஈரப்பதம் எல்.டி.ஆரிலுள்ள காட்மியம் சல்ஃபைடைப் பாதிக்கும் விதம் பற்றி எழுதினார். அன்று கமலாக்ஷி பார்க்கும் சீரியலில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் அறிய வழியில்லை. விடிகாலையில் விளக்கு அணைவதும், அடுக்களையில் பில்டர் காப்பியின் மணம் எழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தன. காப்பி, சூரியனைப் போலவே, தவறாமல் வரும் பொருள் என்பதால் அவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கமலாக்ஷி மாலைக் கோயிலை விட்டுவிட்டுக் காலைக்கு மாறினாள். சாயங்காலமானால் முட்டி வலி என்றாள். "நடக்கப்படாதுன்னா நடக்காதே," என்று அவர் பெருந்தன்மையாக அனுமதித்தார்.

இப்படியிருக்கையில் பக்கத்துச் சந்துக்காரர்கள், தங்களுக்கும் அப்படி ஒரு விளக்கு வேண்டும் என்று, செய்முறை பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அவர்களுடைய செயலாளர் லக்ஷ்மிநாராயணன் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். ஒரு பேராசிரியர் தம்மிடம் கேட்டு வருவதா! வைத்தீஸ்வரன் பொன்னாடையை வெளியில் எடுத்து வைத்து, பிறகு அது கொஞ்சம் அதிகம் என்று உள்ளே வைத்து, பிறகு நாற்காலியின் முதுகில் தற்செயலாகக் கிடப்பதுபோல் போட்டார். அன்றைக்கென்று கமலாக்ஷி அக்காள் பெண்ணைப் பார்க்கக் கும்பளங்கி போயிருந்தாள். பிரசவமான வீடு, தள்ளிப்போட முடியாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள். போகும்போது பின்கட்டுக் கதவைப் பூட்டாமல் போனாள்.

லக்ஷ்மிநாராயணனும் இன்னும் இரண்டு பேரும் கம்பத்தடியில் கூடினார்கள். வெயில் கிடங்குக் கூரைகளைத் தாண்டி இறங்கிவிட்டது. வைத்தீஸ்வரன் எல்.டி.ஆரின் பொறுமையைப் பற்றித் தொடங்கினார். பாங்கு கேட்டது.

"இப்போ பாருங்கோ," என்றார்.

பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை.

"கொஞ்சம் யோசிக்கும்," என்றார். "அதாக்கும் அதோட விசேஷம்."

யோசித்தது. எதிரிலிருந்தவர் முகம் மங்கத் தொடங்கியது. ஒரு காகம் கம்பத்தில் வந்து உட்கார்ந்து, இடம் சரியில்லை என்று எழுந்துபோனது.

"ஒருவேளை நம்ம வேஷ்டியோட வெளுப்பு..." என்று வைத்தீஸ்வரன் ஒரு புதிய கோட்பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் தங்கள் வேட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர் இரண்டடி பின்வாங்கியும் நின்றார், உணரிக்கு உதவியாக இருக்கட்டுமென்று.

விளக்கு அப்போதும் எரியவில்லை. எத்தனை மாலைகள் எரிந்த விளக்கு. இந்த ஒரு மாலை, இவர்கள் முன்னால்...

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் சந்துக்குள் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் நடக்காமல் ஓடினார். வைத்தீஸ்வரன் வீட்டுப் பக்கவாட்டு இடைவழியில் புகுந்து மறைந்தார். சற்றைக்கெல்லாம் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஆகா!" என்றார் பேராசிரியர்.

வைத்தீஸ்வரன் ஆகா சொல்லவில்லை. ஓடியவரின் வழுக்கையும் தொப்பியும் அவருக்கு அரை இருட்டிலும் தெரியும். "ஒரு நிமிஷம்," என்று வீட்டுக்குள் போனார்.

அடுக்களையில் ரஷீது நின்றுகொண்டிருந்தார். மிக்ஸி செருகும் பிளக்கின் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதன்மேல் அவருடைய விரல். வைத்தீஸ்வரனின் அடுக்களையில் எத்தனை சுவிட்சுகள் உண்டென்று அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டி வந்ததில்லை. இந்த ஒன்றின்மேல் கமலாக்ஷி, மற்றதோடு மாறிவிடாமலிருக்க, குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

"எடா..." என்றார் ரஷீது. "பஸ் லேட்டானா, பாங்கு கேட்டதும் நான் போடணும்னு மாமி சொன்னா. பாங்கு கேட்டா நான் பள்ளியில நிக்கணும். அது ரெண்டு பேரும் ஓர்த்தில்ல, யோசிக்கல."

வைத்தீஸ்வரன் அவரை விலக்கிவிட்டுச் சுவிட்சை அணைத்தார். வெளியே, "அய்யோ, போச்சே!" என்று குரல்கள் கேட்டன. போட்டார். "வந்தாச்சு!" அணைத்தார். போட்டார். மறுபடி அணைத்தார். ஒவ்வொரு அழுத்தலும் நெஞ்சில் இறங்கியது. எத்தனை மாலை கேட்டருகே அண்ணாந்து நின்றிருக்கிறார்! பாத்தியா, பாத்தியா என்று கூவியிருக்கிறார்! பாத்தேன் என்று சொன்னவள் இங்கே நின்றுதான் சொன்னாள், விரல் இதன்மேல் இருக்க.

"மதி, போதும்டா," என்று ரஷீது அவர் கையைப் பிடித்தார். "பல்பு போயிடும்."

வாசலில் பேராசிரியரின் குரல் கேட்டது. "அற்புதம் சார்! நாங்க அசையற நிழலுக்கே எரிஞ்சு அணையறதே! எவ்வளவு சென்சிட்டிவ்! எங்க சந்துக்கும் நீங்கதான் தேர்ந்தெடுத்துத் தரணும். எந்த சென்சார் போடலாம், சொல்லுங்கோ."

வைத்தீஸ்வரன் வெளியே வந்தார். பித்தளைப் பலகையில் அவர் பெயர் பளபளத்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். சங்கத் தலைவர், தொழில்நுட்ப வழிகாட்டி, பொன்னாடை. சொன்னால் இன்று மாலையோடு எல்லாம் போய், இனி சந்தில் எவரும் அவரிடம் ஒரு பல்பைப் பற்றிக்கூட யோசனை கேட்க மாட்டார்கள்.

"எல்.டி.ஆர்.," என்றார். "கண்ணை மூடிண்டு எல்.டி.ஆர். போடுங்கோ."

அவர்கள் வணங்கி விடைபெற்றார்கள்.

கும்பளங்கி பஸ் தோப்பும்படியில் நெரிசலில் சிக்கி, கமலாக்ஷி தாமதமாகத்தான் வந்தாள். முன்னறையில் கணவர் ஒரு மூலையிலும் ரஷீது ஒரு மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாற்காலி முதுகில் பொன்னாடை. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இக்கா, பாங்குக்கு முன்னாடியே வரப்படாதோ?" என்று ரஷீதைக் கேட்டாள்.

"மறந்துபோச்சு மாமி."

"அதை விடு," என்றார் வைத்தீஸ்வரன். "சென்சாருக்கு என்னாச்சு? அதைச் சொல்லு."

ரஷீது சொன்னார். விழாவுக்கு முந்தின மாலை பெட்டியைக் கம்பத்தில் ஏற்றி, இருட்டுவதற்காகக் காத்திருந்தார்கள். இருட்டியது, விளக்கு எரிந்தது. எரிந்ததும் வெளிச்சம் பித்தளைப் பலகையில் பட்டுத் திரும்பி நேரே உணரியின் முகத்தில் அடித்தது. விடிந்துவிட்டது என்று உணரி நினைத்தது, விளக்கை அணைத்தது. அணைந்ததும் இருட்டு. மறுபடி எரித்தது. "பெருநாள் சீரியல் லைட் மாதிரி மினுங்கிச்சுடா. நீ புளி போட்டுத் தேச்சு வெச்சிருக்கே, பின்னே கண்ணாடி போலல்லே இருக்கும்!"

"பலகையைக் கழட்டியிருக்கலாமே."

"சிமென்ட் காஞ்சுபோச்சு. பின்னே, உன் பேருள்ள பலகையை ஆரு கழட்டுவா? நீ எர்ணாகுளத்துல. விடிஞ்சா கவுன்சிலர். சென்சாரை எடுத்துட்டு நேரா சுவிட்சுக்கு வயர் இழுத்தேன். ஒரு நாளைக்குன்னுதான்."

"ஒரு நாளைக்கு."

"விழா முடிஞ்ச மக்காநாள் சொல்லலாம்னுதான் இருந்தது," என்றாள் கமலாக்ஷி. "அன்னிக்கு நீங்க குழுவில எல்.டி.ஆர். தன் கடமையைச் செய்ததுன்னு கவிதை மாதிரி எழுதினேள். அதுக்கு மக்காநாள் பொன்னாடையோட போட்டோ எடுத்துண்டேள். எப்போ சொல்றது? நாளாக ஆக சொல்லமுடியாம ஆயிடுத்து."

"நான் ஈரப்பதத்தைப் பத்தி எழுதினேனே. அப்போவாவது..."

"அதைப் படிச்சுட்டுத்தான் சீரியலை வால்யூம் கொறச்சு வெச்சுண்டு பாக்க ஆரம்பிச்சேன், பாங்கு கேக்கணுமேன்னு. எனக்கு மட்டும் சந்தோஷமா? எத்தனை மாசமாச்சு நான் சாயங்காலம் கோயிலுக்குப் போய்? நானாக்கும் உங்க சென்சார். காலம்பற அணைக்கணும், சாயங்காலம் போடணும், நடுவில நீங்க கேக்கறப்போ பாத்தேன்னு சொல்லணும்!"

வைத்தீஸ்வரன் மெதுவாகக் கேட்டார்: "எத்தனை பேருக்குத் தெரியும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாருக்கும்னு சொல்ல முடியாது," என்றாள் கமலாக்ஷி.

"யாருக்குத் தெரியாது?"

அவள் நேர்மையாகவே யோசித்தாள். "கவுன்சிலருக்குத் தெரியாது."

"சங்கர்ராமுக்கு?"

"அவன்தானே அன்னிக்கு மாடியிலேருந்து மினுக்கறதைப் பாத்துட்டு ஓடி வந்தான். அவனாக்கும் சொன்னது, மாமாகிட்ட சொல்லவேண்டாம், பாவம்னு."

பாவம். அதுதான் ஆழமாக இறங்கியது. மனைவி மறைத்தாள், சரி. சிநேகிதன் மறைத்தான், சரி. ஆனால் தோற்றுப்போன எதிராளி, முன்வரிசையில் நின்று, மனதாரக் கைதட்டிய அந்தக் கை... அது இரக்கத்தில் தட்டியதா? திட்டியிருக்கலாம். குழுவில் படம் போட்டிருக்கலாம். கேலி செய்திருந்தால்கூட எழுந்து நின்று பதில் சொல்லியிருப்பார். இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது?

"என் வீட்டுக்குள்ளேயே," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபின்பும் போட்டுக்கொள்ளவில்லை.

ரஷீது எழுந்து அருகில் வந்தார். "வைத்தியே, நோக்கு. இது ஒரு காரியமே இல்ல. சென்சார் என் கடையிலதான் இருக்கு. நாளைக்கு ஏணி கொண்டு வரேன். பெட்டியை ஒரு சாண் தள்ளி, கம்பத்துக்கு அந்தப் பக்கமா வெச்சா தீர்ந்தது. உன் எல்.டி.ஆரே மதி."

"ஏணியா?"

"பின்னே, பறந்தா ஏறுவேன்?"

"பகல்லயா? எல்லாரும் பாக்கவா? எதுக்கு ஏணின்னு கேக்கமாட்டாளா? விஞ்ஞான ரீதியா தேர்ந்தெடுத்த இடம்னு நான் மைக்ல சொல்லியிருக்கேன்!"

"கேக்கிறவங்களுக்கெல்லாம் தெரியும்டா," என்றார் ரஷீது பொறுமையாக.

"தெரிஞ்சது வேற. ஏணியைப் பாக்கறது வேற."

அந்த வித்தியாசம் மற்ற இருவருக்கும் பிடிபடவில்லை. ஆனால் அது உறுதியான வித்தியாசம் என்பது அவர் உட்கார்ந்திருந்த தோரணையில் தெரிந்தது. கமலாக்ஷி பையிலிருந்து கும்பளங்கியில் கொடுத்தனுப்பிய மரவள்ளிக் கப்பை வறுவலை எடுத்துத் தட்டில் வைத்தாள். ரஷீது ஒன்றை எடுத்து, மெல்லுகிற சத்தம் கேட்குமோ என்று வாயிலேயே ஊறவைத்தார்.

கடைசியில் வைத்தீஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். நெருக்கடியில் தலைவர்கள் எழுவதுபோல எழுந்தார்.

"கேட்டுக்கோங்கோ. இனிமே அந்த சுவிட்சை ரெண்டு பேரும் தொடப்படாது. என்னை ஏமாத்தின கை அதுமேல படப்படாது. சென்சாரைத் தேர்ந்தெடுத்தது நான். பொறுப்பும் என்னோடது. சாயங்காலம் போடறதும் நான், காலம்பற அணைக்கறதும் நான். யாரும் எனக்கு ஞாபகப்படுத்தக்கூட வேண்டா. அந்த விஷயத்தில என்னோட பேசவே வேண்டா."

"நெஜமாவாக்கும் சொல்றேள்?" என்றாள் கமலாக்ஷி. அவள் குரலில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

"சத்தியமா."

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததுமே அவர் அடுக்களையில் சாய்வுநாற்காலியைப் போட்டார். கையெட்டும் தூரத்தில் பொட்டு வைத்த சுவிட்ச். ஜன்னல் வழியாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. அதைக் கூர்ந்து பார்த்தபடி இருந்தார். கமலாக்ஷி ஸ்வாமி விளக்கைச் சற்று முன்னதாகவே ஏற்றிவைத்து, மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் புறப்பட்டாள். பேச வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் பேசாமலே போனாள். முட்டி வலி குணமாகியிருந்தது. ரஷீது கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

பாங்கு கேட்டது. வானத் துண்டு சாம்பலாகி, நீலமாகி, ஜன்னல் கம்பிகளோடு ஒன்றாகிப் போயிற்று. சந்து முழுக்க இருட்டியது. விளக்கு எரியவில்லை.

வைத்தீஸ்வரன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.